தீத்தாங்கும் களஞ்சிய அறை

எரியாமை வேறு, தீயைத் தாங்குதல் வேறு. இவ்வேற்றுமையை உணராமையினாலேயே காணி உறுதிகளையும் ஏட்டுச் சுவடிகளையும் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியோர் கவலையின்றி உறங்குகின்றனர். இரும்பு எரியாதெனினும் வெப்பத்தை விரைந்து கடத்தும். தாள் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் தீப்பற்றும். வீட்டறையொன்றில் தீ முற்றியபின் வெப்பம் 800 பாகையைத் தாண்டுதலும் உண்டு. அந்நிலையில் சுடர் உள்ளே புகாமலே அலுமாரியிலுள்ள தாள் கருகிவிடும். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது பெறுதற்கரிய சுவடிகள் பல அழிந்தன. வீடுகளில் எஞ்சியுள்ளவை அதனால் முன்னிலும் அருமையுடையனவாயின.

தாங்குதல் என்பது காலத்தால் அளக்கப்படுவது. அயலார் திரண்டு தீயை அணைக்கும் வரையேனும் அறை தன்னுள் இருப்பதைக் காத்தல் வேண்டும். இருபுறமும் சீமெந்து பூசிய நாலரை அங்குலச் செங்கற்சுவர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது தாங்கும். ஆகவே குறைபாடு பெரும்பாலும் சுவரிலன்று, சுவருக்கு மேலேயே உள்ளது. பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் உட்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அடுக்களையில் எழுந்த தீ அவ்விடைவெளியால் மரங்களைப் பற்றிக் களஞ்சிய அறைக்குள் இறங்கும். அஸ்பெஸ்டஸ் கூரையோ எரியாது; ஆயினும் கடும் வெப்பத்தில் ஓசையுடன் வெடித்துச் சிதறும்.

அறைக்குக் கொங்கிறீற்றுத் தட்டு இடுதலே சிறந்தது. அது இயலாதாயின் ஜிப்சப் பலகையை இரண்டு படையாக, மூட்டுகள் ஒன்றன்மேலொன்று அமையாதவாறு, மேலே அறைதல் வேண்டும். ஜிப்சத்தின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீராகும். அந்நீர் ஆவியாகி முடியும் வரை பலகையின் மறுபுறம் 100 பாகையளவிலேயே நிற்கும். சுவரை உச்சிவரை உயர்த்தி, மின்கம்பி செல்லும் துளைகளையும் சாந்தினால் அடைத்தல் வேண்டும்.

கதவைப் பொறுத்தவரை, மெல்லிய இரும்புத் தகட்டினும் தடித்த வைரமரப் பலகையே நன்று. தகடு வளைந்து நிலையைவிட்டு விலகும். மரமோ நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே கருகும்; கருகிய புறப்படை உட்பகுதியைக் காக்கும். ஆயினும் நிலைக்கும் கதவுக்கும் இடையே விரல் நுழையும் வெளி இருப்பின் இவ்வளவும் வீணே.

காற்றுப்புகாது அடைப்பின் ஏடுகள் பூஞ்சணம் பிடிக்குமென அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. காற்றுத்துளை வெளிச்சுவரில் இருக்கலாம். அடுக்களைப் பக்கச் சுவரிலும் விறகு அடுக்கிய இடத்துக்கு நேரேயும் ஆகாது. மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு அவ்வறையில் இடமில்லை.