மாதர் சங்கம்: அடுப்படியில் தொடங்கும் அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகின்ற சிறிய சூராக்களுள் ஒன்று அல்மாஊன். தொழுகையில் பாராமுகமாக இருப்போரையும், அநாதையை விரட்டுவோரையும் கண்டிக்கின்ற அந்தச் சூரா, அயலவருக்கு அற்பமான ஒரு பொருளையேனும் கொடுத்துதவ மறுப்போரையும் அதே வரிசையில் வைத்து முடிகின்றது. அந்த அற்பப் பொருள் எது? சட்டி, வாளி, கோடரி போன்ற வீட்டுப் பாவனைப் பொருட்களே என இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் விளக்கமளித்துள்ளார்கள். சிந்தித்துப் பாருங்கள். ஒரு சட்டியை இரவல் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் மார்க்கத்தின் பார்வையில் எத்துணை பாரதூரமான விடயமாக இருக்கின்றது! அந்தச் சட்டி யாருடைய கையில் இருக்கின்றது? நமது தாய்மாரின், சகோதரிகளின் கையிலேயே இருக்கின்றது. ஆகவே, சமூகப் பணி என்பது பள்ளிவாசல் நிருவாகத்தோடும் ஆண்களின் கூட்டங்களோடும் முடிந்து விடுவதில்லை. அதன் பெரும்பகுதி அடுப்படியிலேயே ஆரம்பமாகின்றது.

சில காலத்துக்கு முன்னர் ஒரு சகோதரி தனது தாயாருடன் எனது வீட்டுக்கு வந்து, திரைக்கு அப்பால் அமர்ந்து ஒரு மஸ்அலா கேட்டார். "மௌலவி, ஒரு இடத்துக் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்தேன். அதைக் கட்ட மூன்றாவது இடத்தில் எடுத்தேன். வாப்பா தந்த காப்பையும் அடகு வைத்து விட்டேன். எனது தொழுகை, நோன்பு கபூலாகுமா?" கணவர் கடலுக்குப் போகின்றவர், அவருக்கு இந்த விடயம் தெரியாது. அந்தச் சகோதரியின் கேள்விக்குக் கிதாபிலிருந்து பதில் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. ஆனால், அவர் எழுந்து சென்ற பின்னர் என் மனதில் இன்னொரு கேள்வி எழுந்தது. முதலாவது கடனுக்காக அவர் வெளியே சென்ற அன்று, அந்தத் தெருவிலே அவருடைய கையைப் பிடிக்க ஒருவருமே இருக்கவில்லையா?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

மாதர் சங்கம் என்றால் என்ன?

நமது மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை, தம்பலகாமம், கந்தளாய் என எங்கு சென்றாலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்ற பெயரைக் கேட்கலாம். ஒரு கிராமத்தின் இல்லத்தரசிகள் ஒன்றுகூடி, தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தெரிவு செய்து, பிரதேச செயலகத்திலுள்ள கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் ஊடாகப் பதிவு செய்து நடத்துகின்ற அமைப்பே அது. சில ஊர்களில் அது உயிரோடு இருக்கின்றது. வேறு சில ஊர்களிலோ ஒரு பெயர்ப்பலகையாக மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.

இத்தகைய சங்கங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணியின் கைக்குழந்தை 1889 ஆம் ஆண்டு மரணமடைந்தது. அசுத்தமடைந்த பாலே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. வீட்டுச் சுகாதாரத்தைத் தாய்மார் கற்றிருந்தால் இத்தகைய இழப்புக்களைத் தவிர்த்திருக்கலாம் என்று அத்தாய் எண்ணினார். அந்தத் துக்கத்திலிருந்தே 1897 ஆம் ஆண்டு ஸ்டோனி கிறீக் என்ற இடத்தில் முதலாவது கிராமிய மாதர் சங்கம் உருவாகியது. அதே ஒன்டாரியோவில் பிறந்து, ஒரு தமிழரை மணந்து இலங்கையில் குடியேறிய வைத்தியர் மேரி இரட்ணம் அம்மையார், 1930 ஆம் ஆண்டு லங்கா மஹிலா சமித்தி என்ற பெயரில் அந்த முயற்சியை நமது நாட்டில் தொடக்கி வைத்தார். சுகாதாரம், போசாக்கு, தையல், வீட்டுத்தோட்டம் ஆகியவை கிராமப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 1958 ஆம் ஆண்டு அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இவர்கள் நமது மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். எனினும், நல்ல விடயம் எங்கிருப்பினும் அதனை எடுத்துக் கொள்ளும் உரிமை முஃமினுக்கு உண்டு. அதுமட்டுமன்றி, இப்பணி நமக்குப் புதியதும் அன்று. அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்குச் சிகிச்சையளித்தவர் ருஃபைதா (ரழி) என்ற பெண்மணி ஆவார். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தமது கைகளால் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதன் வருமானத்தை ஏழைகளுக்கு வழங்கி வந்தார்கள். தமது மனைவியருள் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னாருக்குப் பின்னர் முதலில் வபாத்தானவர் ஸைனப் (ரழி) அவர்களே. அப்பொழுதுதான், கையின் நீளம் என்பது தர்மத்தைக் குறித்தது என ஏனைய அன்னையர் விளங்கிக் கொண்டார்கள்.

சங்கம் செய்யக்கூடிய பணிகள்

முதலாவது, சுகாதாரம். 2017 ஆம் ஆண்டை கிண்ணியா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு நாடு முழுவதிலும் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். மார்ச் மாதத்தில் கிண்ணியாவில் ஜனாஸாக்கள் அடுத்தடுத்துப் புறப்பட்டன, பாடசாலைகள் மூடப்பட்டன. டெங்கு நுளம்பு வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில், பூச்சாடியின் தட்டில், சிரட்டையில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முட்டையிடுகின்றது. முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை செல்லும். ஆகவே, வாரத்துக்கு ஒருமுறை நீரைக் கொட்டிப் பாத்திரத்தின் விளிம்பை உரசிக் கழுவினால் அச்சுழற்சி அறுந்து விடும். உரசாமல் நீரை மாத்திரம் கொட்டினால் போதாது. ஏனெனில், விளிம்பில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்துக்கும் வாரந்தோறும் வர முடியாது. ஒரு தெருவுக்கு இரு உறுப்பினர்கள் என்று சங்கம் பொறுப்பெடுத்தால், ஒக்டோபரில் மாரி மழை தொடங்குமுன்னரே ஊர் முழுவதையும் பார்த்து முடித்து விடலாம். கர்ப்பிணித் தாய்மாரையும் நிறை குறைந்த பிள்ளைகளையும் குடும்ப நல உத்தியோகத்தரின் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் இவ்வகையினதே.

இரண்டாவது, அனர்த்த காலப் பணி. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி நமது கரையோரத்தைச் சூறையாடியது. 2006 ஓகஸ்ட் மாதம் மூதூர் மக்கள் யுத்தத்தினால் வெளியேறிக் கந்தளாயை நோக்கி வந்தனர். அவ்விரு வேளைகளிலும் நிவாரண லொறிகள் வருமுன்னர் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றியது அயல் வீட்டுப் பெண்களின் கைகளே. எந்த வீட்டில் பால்குடிப் பிள்ளை உண்டு, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் உண்டு என்ற விபரம் அவர்களின் மனதில் இருக்கின்றது. அதனை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது சங்கத்தின் கடமை.

மூன்றாவது, ஜனாஸா. ஒரு பெண் மரணித்தால் அவரைக் குளிப்பாட்டிக் கபனிடுவது பர்ளு கிபாயா ஆகும். நமது ஊர்கள் பலவற்றில் இது தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க மூதாட்டிகள் மாத்திரமே. அவர்களுக்குப் பின் யார்? ஒவ்வொரு சங்கத்திலும் இளம் பெண்கள் சிலர் முறையாக இதனைக் கற்று வைத்திருக்க வேண்டும்.

கடன்: இங்கேதான் நாம் தோற்றுப் போகின்றோம்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகவே சேர்க்கின்றன. ஆனால், ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் அவரது வீட்டு வாசலில் நின்று நெருக்குவதற்காகவே பெரும்பாலும் அக்குழு பயன்படுகின்றது. அயலவரை அயலவரின் கடன் வசூலிப்பாளராக மாற்றுவது எத்தகைய சோதனை!

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். 50,000 ரூபா கடன். வாரம் 1,200 ரூபா வீதம் 52 வாரங்கள். மொத்தம் 62,400 ரூபா. மேலதிகம் 12,400 தானே, நூற்றுக்கு 25 இற்கும் குறைவு என்று தோன்றும். ஆனால், அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதலாவது வாரத்திலிருந்தே முதல் குறைந்து கொண்டு வருகின்றது. அதனைக் கணக்கிற் கொண்டால் உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 45 வீதம்! நூற்றுக்கு ஒன்றாக இருப்பினும் வட்டி ஹராமே. எனினும், ஏமாற்றத்தின் அளவையும் நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைக் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. அம்மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று.

"வட்டி ஹராம்" என்று மிம்பரில் முழங்குவது எமக்கு இலகு. வழியை மூடினால் மாற்று வழியையும் திறந்து கொடுக்க வேண்டும். முப்பது உறுப்பினர் கொண்ட ஒரு சங்கத்தில் ஒவ்வொருவரும் வாரம் 100 ரூபா சேமித்தால், வாரத்துக்கு 3,000 ரூபா, ஓராண்டில் 156,000 ரூபா சேரும். அதிலிருந்து 15,000 ரூபா வீதம் பத்துப் பேருக்கு அழகிய கடன் வழங்கலாம். மாதம் 1,500 ரூபாவாகப் பத்து மாதத்தில் அது திரும்பி வரும். இடியப்பம் அவித்து விற்பவருக்கும், கருவாடு போடுபவருக்கும், தையல் இயந்திரம் திருத்த வேண்டியவருக்கும் அத்தொகை போதுமானது. தவணை கட்ட முடியாதவருக்கு அவகாசம் கொடுப்பது அல்குர்ஆனின் கட்டளை. அதற்காக ஸதக்கா நிதியொன்றையும் புறம்பாக வைத்துக் கொள்ளலாம். நமது பெண்கள் போடுகின்ற சீட்டும், ஒவ்வொருவரும் கட்டிய தொகையையே தமது முறையில் பெறுவதாயின் ஆகுமானதே. கழிவு கேட்டு எடுக்கும் ஏலச்சீட்டிலோ வட்டி புகுந்து விடுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பல சங்கங்கள் பணமில்லாமல் அழியவில்லை, கணக்கில்லாமல் அழிந்தன. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. "நம்மட ஆக்கள்தானே, எழுத்து எதுக்கு?" என்பது நம்பிக்கை போலத் தோன்றினாலும் பகைமைக்கு வாசல் அதுவே. கூட்டக் குறிப்பேடு, காசுப் புத்தகம், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் புத்தகம், இருவர் கையொப்பமிட்டு எடுக்கும் வங்கிக் கணக்கு, வருடத்தில் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும் கணக்கறிக்கை ஆகியன கட்டாயமானவை. வங்கிக் கணக்கில் வட்டி சேர்ந்தால் அதனைச் சங்கத்தின் முதலோடு கலக்காது அப்புறப்படுத்த வேண்டும்.

ஆட்சேபணைகளும் பொறுப்புக்களும்

"பெண்கள் கூட்டம் கூடுவதா?" என்று சிலர் கேட்கின்றனர். ஆண்கள் உங்களிடம் முந்திக் கொள்கின்றனர், எங்களுக்கெனத் தனியாக ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்ற கருத்தில் ஸஹாபியப் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டியபோது, அன்னார் அவ்வாறே ஒதுக்கிக் கொடுத்தார்கள். விசுவாசிகளான ஆண்களும் பெண்களும் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதில் ஒருவருக்கொருவர் துணை என்பது சூரா தவ்பாவின் போதனை. ஹிஜாபும் ஒழுக்கமும் பேணப்பட்டு, வீட்டுப் பொறுப்புக்கள் வீணாகாத வகையில், லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட ஒரு மணித்தியாலம் சங்கத்துக்குப் போதுமானது. புறமும் கோளும் பேசப்படுமாயின் அக்கூட்டத்தைத் திருத்த வேண்டும். மூடி விடுவது பரிகாரமாகாது.

கணவன்மார்களே! உங்கள் மனைவி கடன் எடுத்ததை உங்களிடம் மறைத்தார் என்றால், கோபிக்குமுன்னர் அவர் சொல்ல அஞ்சியது ஏன் என்று உங்களையே கேளுங்கள். வீட்டுச் செலவுக்குப் பொறுப்பானவர் நீங்களே.

இளைஞர்களே! உங்கள் தாயார் சங்கத்தின் பொருளாளராக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணித்தியாலம் அமர்ந்து அவருடைய காசுப் புத்தகத்தைக் கூட்டிப் பாருங்கள். உயர்தரத்தில் கணக்கீடு படித்த மகளை அடுத்த கூட்டத்துக்கு அனுப்பி வையுங்கள், பெற்றோர்களே! பள்ளிவாசல் நிருவாகிகள் ஸகாத், ஸதக்காவுக்குத் தகுதியானோரைத் தேடும்போது, சங்கத்தின் கொப்பியையும் கேட்டுப் பார்க்கட்டும். யார் கேட்காமலேயே பசித்திருக்கின்றார் என்பது அதில்தான் இருக்கும்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லி முடிக்கின்றேன். தௌபாவின் வாசல் திறந்திருக்கின்றது, தொழுகையை விட்டு விடாதீர்கள், இனிப் புதுக் கடன் எடுக்காதீர்கள், கணவரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அது என்னால் இயன்ற பதில். எஞ்சிய பதிலை அவருடைய தெருதான் சொல்ல வேண்டும். அதனை நாளை மறுமையில் நம் ஒவ்வொருவரிடமும் அல்லாஹ் விசாரிப்பான்.

யா அல்லாஹ்! கடன் பட்டோரின் கடன்களை நிறைவேற்றி வைப்பாயாக! வட்டியின் தீங்கிலிருந்து எமது வீடுகளைப் பாதுகாப்பாயாக! அயலவரின் பசியை அறிந்த கைகளை எமது ஊர்களில் நீளச் செய்வாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.