பட்டா யார் பேரில்? புதிதாக விவசாயத்தில் இறங்குவோருக்கு அரசுக் கடன்

விவசாயக் கடன் கேட்டு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போனால் முதலில் வரும் கேள்வி: “பட்டா யார் பேர்ல இருக்கு?” என்ன பயிர், தண்ணீர் எப்படி, இதற்கு முன் மண்வெட்டி பிடித்ததுண்டா என்பதெல்லாம் அப்புறம்தான். இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் இழுபறியாக இருந்தால், வேளாண்மைப் பட்டம் வாங்கியவரானாலும் சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கிவிட்டு ஊர் திரும்பியவரானாலும் வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

நம் நாட்டில் விவசாயக் கடன் நிலத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. புதிதாகத் தொடங்குபவர் என்று விண்ணப்பத்தில் தனிக் கட்டம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பண்ணை நடத்தியிராதவர் ‘தொடக்க விவசாயி’. அந்த நாட்டு வேளாண் துறை அவர்களுக்கென்றே கடன் நிதியில் ஒரு பங்கை ஒதுக்குகிறது. நிலம் வாங்க அவர் 5 சதவீதம் போட்டால் 45 சதவீதம் வரை அரசே கடன் தருகிற ஏற்பாடும் அங்கே உண்டு. இங்கே அப்படி இல்லை என்பதால் கடனே கிடைக்காது என்று ஆகிவிடாது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதத்தில் தொடங்குவோம்

தாத்தா பெயரில் பட்டா. தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சித்தப்பா திருப்பூரில், அத்தை பெங்களூரில். இரண்டரை ஏக்கரில் நம் பங்கு எது என்று வரப்பைக் காட்டி ஊரே சொல்லும், ஆவணம் சொல்லாது. தமிழ்நாட்டில் ஊர் திரும்பி உழவைத் தொடங்க நினைக்கிற பலருடைய நிலைமை இதுதான். கூட்டுப்பட்டாவை வைத்துக் கடன் கேட்டால் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கையெழுத்தைக் கேட்பார்கள். கடன் சின்னதாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து சின்ன விஷயமில்லை. பழைய குடும்பக் கணக்கெல்லாம் அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வரும்.

எனவே கடன் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம், அதன் பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா என்று இறங்கிவிடுவது நல்லது. உட்பிரிவுக்கு நில அளவையர் வந்து அளக்க வேண்டும், அதற்குத்தான் நாளாகும். பட்டாவும் புலப்பட நகலும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வில்லங்கச் சான்று பதிவுத் துறை தளத்தில் கிடைக்கும்.

அடங்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தப் புல எண்ணில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. பத்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலம் என்றால் அடங்கலில் ‘தரிசு’ என்றே இருக்கும். தரிசுக்குப் பயிர்க்கடன் கேட்டால் எப்படிக் கொடுப்பார்கள்? வெட்டித் திருத்தி உழுத கையோடு கிராம நிர்வாக அலுவலரை வயலுக்கே அழைத்துக் காட்டிப் பதியச் சொல்ல வேண்டும். முதல் உழவுச் செலவு பெரும்பாலும் நம் கைக்காசில்தான் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

கடன் தொகையை மேலாளர் மனதில் தோன்றியபடி முடிவு செய்வதில்லை. மாவட்டம்தோறும் ஒரு தொழில்நுட்பக் குழு, ஏக்கர் நெல்லுக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, வாழைக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. 1998-ல் வந்த கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை, அந்த அளவைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது.

உங்கள் மாவட்டத்தில் ஒரு பயிருக்கு ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை ஏக்கருக்கு 90,000. அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக அதில் 10 சதவீதம், 9,000. மோட்டார் பழுது, கருவிப் பராமரிப்பு போன்றவற்றுக்கு 20 சதவீதம், 18,000. ஆக முதல் ஆண்டு வரம்பு 1,17,000 ரூபாய். அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும். விலைவாசி ஏற்றத்தை உத்தேசித்து ஆண்டுதோறும் வரம்பு 10 சதவீதம் கூடும். எடுத்த பணத்துக்கு, எடுத்த நாள் முதல்தான் வட்டி. மொத்தத்தையும் முதல் நாளே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது வட்டியை வலிய வாங்கிக்கொள்வது.

3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். குறித்த தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம். மேலே சொன்ன 1,17,000 ரூபாயை ஒரு முழு ஆண்டு வைத்திருந்தால் 4 சதவீத வட்டி 4,680 ரூபாய். தேதி தவறினால் குறைந்தது 8,190. இந்த 3 லட்சம் வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. உங்கள் கிளையில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு முன் இந்த வரம்பு 1.60 லட்சமாக இருந்தது. முதல் முறை கடன் வாங்குபவருக்கு இதைவிட உதவியான விதி வேறில்லை. ஆனால் பல இடங்களில் “நகை இருந்தா இன்னிக்கே முடிச்சிடலாம் சார்” என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. நகைக் கடன் சுலபம். நகையும் பத்திரமாக வங்கியில் இருக்கும். ஆனால் முதல் போகம் பொய்த்தால் மூழ்குவது வீட்டுக்காரம்மாவின் தாலிக்கொடி. இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சங்கத்துக்கு முதலில் போங்கள்

என் அபிப்பிராயத்தில், தமிழ்நாட்டில் முதல்முறை பயிர் வைப்பவர் தேசிய வங்கிக்கு முன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத்தான் போக வேண்டும். காரணம் எளிது. அங்கே பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்த வட்டியை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. கிராமத்துக்காரர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்க வேண்டும் என்று தொடங்கியவை இவை. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-லேயே திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

சங்கத்தில் முதலில் உறுப்பினராக வேண்டும். பங்குத்தொகை கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கடன் தரும்போதே பிடித்துக்கொள்வதும் உண்டு. சிறு தொகைக்கு நபர் ஜாமீன் போதும், ஜாமீன் போடுபவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஊருக்குப் புதியவருக்கு இதுதான் சிரமம். பதினைந்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவருக்கு யார் ஜாமீன் போடுவார்கள்? டீக்கடையில் நாலு பேரோடு பழகுவதும் விவசாயத்தில் சேர்த்திதான்.

முழுக் கடனும் ரொக்கமாகக் கைக்கு வராது. ஒரு பகுதி உரமாகவும் இடுபொருளாகவும் வரும். யூரியாவும் டிஏபியும் சங்கக் கிடங்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்கை விவசாயம் செய்யப் போகிறேன், உரம் வேண்டாம் என்பவர் இதை முன்கூட்டியே செயலாளரிடம் பேசிவிடுவது உத்தமம்.

இணையவழியில் விண்ணப்பித்து அன்றைக்கே பயிர்க்கடன் பெறும் ஏற்பாடு 2025 ஆகஸ்டில் தருமபுரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களிலும், பழைய கடன்களைக் கட்டிய விதத்தைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று வந்த சுற்றறிக்கைக்கு விவசாயிகள் சங்கங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. சங்கத்தில் எப்படியோ, வங்கிகள் சிபில் பார்க்கும். நகரத்தில் இருந்தபோது கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி, தோட்டத்துக்குக் கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும். முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

தள்ளுபடியை நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது உண்மை. அடுத்தது எப்போது என்று எந்தச் செயலாளருக்கும் தெரியாது. அதுவரை கட்டாமல் இருந்தால் வட்டியில்லாச் சலுகை போய்விடும், அடுத்த கடனும் கிடைக்காது.

நிலமே இல்லாதவர்

சட்டப்படி பார்த்தால் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரம் பிரித்துக்கொள்பவர் எல்லோருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு. நடைமுறையில் நில உரிமையாளர் எழுதிக் கொடுக்க மாட்டார். 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுபவரைக் காப்பதற்காக வந்தவை. பதிவாகிவிட்டால் பிறகு நிலம் திரும்பாது என்ற பயத்தில் உரிமையாளர்கள் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடிக்கிறார்கள். உழுபவரைக் காக்க வந்த சட்டத்தாலேயே அவருக்குக் கடன் வாசல் அடைபடுகிறது.

ஆந்திரம் இதற்கு ஒரு வழி பார்த்தது. 2019-ல் தனிச் சட்டம் போட்டு, பயிரிடுபவருக்கு 11 மாதம் செல்லும் ஓர் அட்டை கொடுத்தது. பயிருக்குத்தான் உரிமை, நிலத்துக்கு இல்லை என்று அதில் தெளிவாக இருக்கும். உரிமையாளரின் சம்மதம் தேவைப்பட்டதால் அங்கேயும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் தமிழ்நாடு அந்தத் திசையில் யோசிக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இப்போதைக்கு இருக்கும் வழி, கூட்டுப் பொறுப்புக் குழு. நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து, ஒருவருக்கொருவர் உத்தரவாதமாக நின்று கடன் வாங்கலாம். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும், ஆகவே ஆளைப் பார்த்துச் சேருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மாந்தோப்போ தென்னந்தோப்போ வைக்க நீண்டகாலக் கடன் கேட்டால், கடன் முடியும் வரையாவது குத்தகை இருக்கிறதா என்று வங்கி பார்க்கும்.

நிலம் வாங்குவதற்கே உதவி என்றால் மாநில அரசு நிறுவனமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினத்தைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இல்லை. இன்று தமிழ்நாட்டில் புதிய விவசாயியை உண்மையிலேயே உருவாக்கும் திட்டம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

மாடு, ஆடு, பெரிய திட்டங்கள்

கால்நடை வளர்ப்புக்கும் உழவர் கடன் அட்டை உண்டு. 2 லட்சம் ரூபாய் வரை வட்டிச் சலுகை. ஆனால் அது தீவனம், மருந்து போன்ற பராமரிப்புச் செலவுக்கு மட்டும். மாடு வாங்கத் தனியாகத் தவணைக் கடன் எடுக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு போய்த் திரும்பி வருபவர்கள் நிறைய.

தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம், 50 லட்சம் வரை என்று யூடியூபில் கூவுகிறார்கள். அதில் மிகச் சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடா. இதுவரை நாலு ஆடு மேய்த்திராதவர் 105 ஆட்டோடு தொடங்குவது விஷப்பரீட்சை. வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சியும், கடனோடு சேர்ந்த 36 சதவீத மானியமும் உண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடந்து, கடைசியில் கடனில் கழியும். மானியத்தைக் கொண்டு தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருப்பதால் அதைக் கடனில் சேர்க்கத் தேவையில்லை. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்ட கடனுக்குக் கணக்கே இல்லை. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முன்னுரிமைக் கடன்களுக்கு வங்கிகள் அதைத் தந்தாக வேண்டும். 3 லட்சம் வரையிலான உழவர் கடன் அட்டைக்குப் பரிசீலனைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று எதுவும் வசூலிக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு அந்தச் சீட்டோடு போங்கள். முன்னோடி வங்கி மேலாளரும் கூட்டுறவுத் துறை அதிகாரிகளும் அங்கே ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பார்கள்.