உங்களுக்குத் தெரியுமா? தொட்டுத் திருத்தாத யோகா வகுப்பு
வன்கொடுமைகளால் மனம் காயப்பட்டவர்களுக்கென்றே தனி யோகா முறை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க்கின் சிகிச்சை மையத்தில் டேவிட் எமர்சன் இதை உருவாக்கினார்.

இங்கே ஆசிரியர் யாரையும் தொட்டு நிமிர்த்துவதில்லை. "கையைத் தூக்குங்கள்" என்ற கட்டளையும் கிடையாது. "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பார்க்கலாம், வேண்டாமென்றால் அப்படியே இருக்கலாம்" என்பார். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை. தன் உடல்மீதான உரிமையே பறிக்கப்பட்டிருந்த ஒருவருக்கு இந்தச் சின்னச் சின்னத் தேர்வுகள்தாம் சிகிச்சை. ஆசனம் அழகாக வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பாதம் தரையில் அழுந்துவதை, தொடை இறுகுவதை அவரால் உணர முடிகிறதா என்பதே முக்கியம்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு (PTSD) மற்ற சிகிச்சைகளில் போதிய பலன் காணாத 64 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. 10 வார வகுப்பின் முடிவில், யோகா செய்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கு அந்த நோய்க்கான அளவுகோல் பொருந்தவில்லை. நலக்கல்வி மட்டும் பெற்ற குழுவில் இது 21 விழுக்காடு.

இது துணைச் சிகிச்சைதான். மருந்தோ ஆலோசனையோ பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிட வேண்டாம்.