விற்காத சீஸும் ஒரு தேசிய உணவும்

ஃபோன்டூ என்பது ஒயினில் உருக்கிய சீஸ். மேசை நடுவே சின்ன ஸ்பிரிட் அடுப்பு, அதன்மேல் கனத்த சட்டி, சட்டிக்குள் மெல்லக் கொப்புளம் விடும் மஞ்சள் குழம்பு. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நீண்ட காம்புள்ள முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டியில் முக்கி, ஒரு சுற்றுச் சுழற்றி எடுத்துச் சாப்பிடுவார்கள். தனித்தனியாகப் பரிமாறும் பேச்சே இல்லை. நாலு பேருக்கும் ஒரே சட்டி. எச்சில் பார்த்துப் பழகியவருக்கு இது உறுத்தும். அங்கேயும் அதற்கொரு வரைமுறை உண்டு: முள்கரண்டியில் உதடோ நாக்கோ படாமல் ரொட்டியைப் பல்லால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் மலை உணவகங்களில் இது குளிர்காலச் சாப்பாடு. பலகை அடித்த சுவர், தலையில் இடிக்கிற அளவுக்குத் தாழ்ந்த கூரை, நெருக்கிப் போட்ட மேசைகள். பனிச்சறுக்கு முடித்து நனைந்த காலணியோடு வருபவர்கள் நேரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறிய சீஸ் இறுகிவிடும், ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும், யாராவது ஒருவர் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாடு ஒரு மணி நேரமாவது இழுக்கும். ஜூலை மாதத்தில் ஃபோன்டூ கேட்பவர் அநேகமாகச் சுற்றுலாப் பயணியாகத்தான் இருப்பார்.

ஆளுக்கு ஏறக்குறைய 200 கிராம் சீஸ் என்பது கணக்கு. சட்டியின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, வெள்ளை ஒயினைச் சூடாக்கி, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுகிறார்கள். மக்காச்சோள மாவைக் கிர்ஷ் என்ற செர்ரிப் பழச் சாராயத்தில் கரைத்து ஊற்றி, மிளகும் ஜாதிக்காயும் தூவி இறக்குவார்கள். எந்தச் சீஸ் என்பதில்தான் ஊருக்கு ஊர் வீம்பு. ஃப்ரிபூர் மாநிலத்தில் கிரூயேர் பாதி, வஷரான் பாதி. நியூஷாத்தெல் பக்கம் கிரூயேரோடு எமென்டால். கிழக்கே அப்பென்ஸெல்லர். வலே மாநிலத்தில் தக்காளி சேர்த்து உருளைக்கிழங்கின்மேல் ஊற்றிக்கொள்வதும் உண்டு. ஃப்ரிபூர்க்காரர்கள் வெறும் வஷரானை, ஒயின் இல்லாமல் தண்ணீரில், மிகக் குறைந்த சூட்டில் உருக்கியும் சாப்பிடுகிறார்கள்.

ஒயின் வாசனைக்காக மட்டும் சேர்வதில்லை. சீஸில் உள்ள கேசீன் என்ற புரதத்தைக் கால்சியம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. வெறுமனே சூடேற்றினால் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும், புரதம் கட்டியாகத் திரண்டு அடியில் தங்கும். ஒயினில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்போது புரதத்தின் கட்டு தளர்ந்து, கொழுப்பும் நீரும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. மாவின் வேலை மீண்டும் பிரியாமல் காப்பது. மோர்க்குழம்பு திரியாமலிருக்க அரிசியும் பருப்பும் அரைத்து ஊற்றுகிற அதே வித்தைதான். சூரிக்கின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதை அளந்தே பார்த்தார்கள்: குழம்பு பிரியாமலிருக்க எடையில் குறைந்தது 3 சதவீதம் மாவுச்சத்து வேண்டும் என்றார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் கோழித்தீவனத்துக்காக விளைந்து லாரி ஏறும் மக்காச்சோளத்துக்கு, உலகத்தின் இன்னொரு மூலையில் இப்படியும் ஒரு பயன்.

சட்டியில் ரொட்டியைத் தவறவிட்டவருக்குத் தண்டனை உண்டு. ஒரு சுற்று ஒயினுக்கு அவர் காசு கொடுக்க வேண்டும், அல்லது பாட்டுப் பாட வேண்டும். 1970-இல் வந்த ‘ஆஸ்டரிக்ஸ் ஸ்விட்சர்லாந்தில்’ சித்திரக்கதை இந்தத் தண்டனையை வைத்தே ஒரு கலாட்டா பண்ணியிருக்கிறது. கடைசியில் அடியில் ஒட்டி முறுகிய சீஸ் மிஞ்சும். பிரெஞ்சு பேசும் பகுதியில் அதற்குப் பெயர் ‘ரெலிஜியூஸ்’, அதாவது கன்னியாஸ்திரி. சட்டியில் எல்லாவற்றையும்விட ருசியானது அதுதான் என்று அதைச் சுரண்டிப் பங்கு போடுவார்கள்.

மலை மேய்ப்பர்கள் காய்ந்த ரொட்டியையும் பழைய சீஸையும் வீணாக்காமல் சாப்பிடக் கண்டுபிடித்தது என்று உணவகத்து மெனு அட்டைகள் கதை சொல்லும். கதை அழகானது, ஆனால் சான்று வேறு பக்கம் காட்டுகிறது. சீஸை ஒயினோடு சமைக்கும் குறிப்பு, 1699-இல் அன்னா மார்கரெத்தா கெஸ்னர் எழுதிவைத்த சமையல் புத்தகத்தில் இருக்கிறது. அவர் இருந்தது சூரிக் நகரத்தில். கிரூயேர் அந்தக் காலத்திலேயே வெளியூருக்கு விற்றுக் காசாக்கும் சரக்கு, ஏழை மேய்ப்பர் தாராளமாக உருக்கித் தின்னக்கூடியது அல்ல. 1825-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரியா-சவரான் ஃபோன்டூ என்று எழுதியதோ சீஸ் போட்ட முட்டைப் பொரியல்.

நாடு முழுவதற்கும் இதைப் பொது உணவாக்கியது ஒரு வியாபார அமைப்பு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் ஸ்விஸ் சீஸ் ஒன்றியம் பிறந்தது. சீஸ் செய்பவர்கள் நிர்ணயித்த விலையில் சரக்கை ஒன்றியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், விற்பது ஒன்றியத்தின் பாடு. நஷ்டம் வந்தால் அரசாங்கப் பணம். எமென்டால், கிரூயேர், ஸ்பிரின்ஸ் ஆகிய மூன்றுக்கே முன்னுரிமை கிடைத்ததால் பல ஊர்ச் சீஸ்கள் மறைந்துபோனதும் இதே ஏற்பாட்டில்தான். 1930களில் ஏற்றுமதி படுத்தது. தேங்கிய சீஸை உள்நாட்டிலேயே தின்று தீர்க்க வைப்பதற்கு, ஒரே வேளையில் ஆளுக்கு 200 கிராம் இறங்குகிற பண்டத்தைவிட நல்ல வழி எது? ஃபோன்டூவைத் தேசிய உணவென்று ஒன்றியம் விளம்பரப்படுத்தியது. இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷன் முடிந்ததும் பிரசாரம் மறுபடி சூடுபிடித்தது, இராணுவச் சமையலிலும் ஃபோன்டூ நுழைந்தது. குளத்தூர், விளாத்திகுளம் சுற்றுவட்டார மிளகாய், மல்லி விவசாயி விலை விழுந்த வருஷத்தில் மூட்டையைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறார், இல்லையென்றால் வந்த விலைக்குத் தள்ளுகிறார். அந்தச் சரக்கைத் தின்பதே தேசப்பற்று என்று ஊரை நம்பவைக்க அவருக்கு ஒரு ஒன்றியம் இல்லை. ஸ்விஸ் சீஸ் ஒன்றியம் 1999-இல் கலைக்கப்பட்டது. அது பரப்பிய பழக்கம் கலையவில்லை.

அதன்பின் கிரூயேர் 2001-இல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றது. ஏறக்குறைய 400 லிட்டர் காய்ச்சாத பாலில் 35 கிலோ வட்டு ஒன்று செய்து, குறைந்தது ஐந்து மாதம் முதிரவைத்தால்தான் அந்தப் பெயர். கரிசல் பக்கத்திலும் இதே வகைக் காப்பு வந்திருக்கிறது: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடல் கடந்து ஃபோன்டூ பரவியதில் நியூயார்க்குக்குப் பங்குண்டு. 1964-65 உலகக் கண்காட்சியில் ஸ்விஸ் அரங்கத்து உணவகம் இதை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதே நகரில் ஷாலே ஸ்விஸ் உணவகம் நடத்திய கான்ராட் எக்லி உருக்கிய சாக்லேட்டில் பழம் முக்கும் வகையைக் கொண்டுவந்தார்.

தமிழர்களுக்கும் இந்தச் சட்டிக்கும் உள்ள உறவு அடுப்படியில் தொடங்கியது. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் ஸ்விட்சர்லாந்தில் அடைக்கலம் தேடினார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் உணவக அடுப்படியிலும் துப்புரவிலும். அடியில் சீஸ் பிடித்த சட்டியைத் தேய்க்கத் தொடங்கியவர்களில் பலர் பின்னாளில் சமையற்காரர்கள் ஆனார்கள். இன்று அங்கே சுமார் 50,000 தமிழர் இருக்கிறார்கள். இந்தியச் சுற்றுலாப் பயணிகளின் வயிற்றையும் அந்த மலைகள் அறிந்தே வைத்திருக்கின்றன. 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராயோக்கில் ‘பாலிவுட்’ என்ற பெயரிலேயே ஒரு இந்திய உணவகம் நடந்திருக்கிறது.

இங்கிருந்து போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஒயின் கொதித்தாலும் சாராயச் சத்து முழுவதும் ஆவியாகாது, கிர்ஷோ கடைசியில்தான் சேர்கிறது. கிரூயேரில் பாலை உறையவைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது, ஆகவே முழுச் சைவர்களுக்கு ஆகாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கல்லாகிவிடும், ஒயின் குடித்தால்தான் செரிக்கும் என்று சொல்வார்கள். சூரிக்கில் 20 பேருக்கு ஃபோன்டூ கொடுத்துச் செய்த ஆய்வு 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கண்டது நேர்மாறு: மதுவோடு சாப்பிட்டவர்களுக்கு இரைப்பை காலியாக அதிக நேரம் பிடித்தது. தேநீர் போதும்.

தமிழ்நாட்டு மலைகளில் கொடைக்கானலும் குன்னூரும் சீஸ் செய்கின்றன. ஒயின் வேண்டாதவர்கள் தண்ணீரில் எலுமிச்சைச்சாறு கலந்து கொதிக்கவிட்டு, மாவில் பிரட்டிய சீஸ் துருவலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் கால்சியத்தைப் பிடிக்கக்கூடியதே. அடுப்பைத் தணித்தே வைக்க வேண்டும். முதிர்ந்த சீஸாக இருந்தால் எளிதாக உருகும். பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லா கயிறாக இழுக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது.