விரைவும் நிதானமும்

பிறப்பும் இறப்பும் தந்தித்தாளிலேயே முதலில் எட்டிய காலம் ஒன்று, ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இருந்தது. 2013 ஜூலையில் அச்சேவை நம் நாட்டில் முடிவுற்றது. ஆயினும் செய்திகளை அச்சடித்துத் தந்த டெலிபிரிண்டர் பற்றி நாம் அறிய வேண்டியது இன்னும் உண்டு. சென்னையில் 1960-இல் தோன்றிய ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் இப்பொறிகளை நம் நாட்டிலேயே செய்தது.

நொடிக்கு 50 துடிப்பு என்பது இதன் வழக்கமான நடை. ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு, முன்னே தொடக்கத் துடிப்பு ஒன்று, பின்னே முடிவுத் துடிப்பு ஒன்றரை, ஆக ஏழரை. எனவே நிமிடத்திற்கு 400 எழுத்தே அடிக்கும். பின்னர் வந்த மோடம் கருவிகளோ நொடிக்கு 300 துடிப்பில் பேசின. எழுத்துக்குப் பத்துத் துடிப்பு வீதம் நிமிடத்திற்கு 1,800 எழுத்து. இரண்டையும் நேரே பிணைத்தால், பழைய பொறி ஒரு துடிப்பைப் படிக்கும் நேரத்தில் ஆறு துடிப்புகள் ஓடிவிடும். தாளில் விழுவது பொருளற்ற எழுத்துக் குவியலே.

இடையில் ஒரு நினைவுக் கலம் வைப்பதே இதற்குப் பரிகாரம். விரைந்து வருவதை அது வாங்கி வைத்துப் பொறியின் நடைக்கேற்ப விடும். 1,000 எழுத்துள்ள செய்தி 33 நொடியில் வந்து சேரும். அச்சாவதற்கோ 150 நொடி வேண்டும். கலம் நிரம்பு முன் 'நிறுத்து' என்னும் குறி அனுப்பும் கருவிக்குச் செல்லும். இடம் ஒழிந்ததும் 'தொடர்க' என்னும் குறி செல்லும்.

வேகம் இசைந்தால் மட்டும் போதாது. குறிமுறையும் இசைய வேண்டும். ஐந்து துடிப்பால் 32 குறிகளே அமையும். ஆகவே ஒரே குறி எழுத்தாகவும் எண்ணாகவும் நிற்கும். எதுவென்பதை முன்னே வரும் மாற்றுக்குறி சொல்லும். அது தவறினால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் 12621 என்னும் எண் 'க்யூ, டபிள்யூ, ஒய், டபிள்யூ, க்யூ' என்று அச்சாகும். உறவினரை எதிர்கொள்ள நிலையத்துக்குப் புறப்படுபவர் அதைக் கொண்டு என்ன செய்வார்? புதிய கருவியின் குறிமுறையில் இத்தகைய மாற்றுக்குறி தேவையில்லை. ஆதலால் இடைநிற்கும் கருவியே அதனை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். வரி முடிந்ததும் அச்சுவண்டி இடப்புறம் திரும்பும் வரை சற்றுப் பொறுக்கவும் வேண்டும்.

இவ்வமைப்பில் பழைய பொறியை எவரும் விரட்டுவதில்லை; விரைவானதே காத்திருக்கிறது. பழம்பொறிகளைப் பேணும் ஆர்வலர்கள் இன்று உள்ளங்கையளவான கணிப்பலகை ஒன்றாலேயே இதனைச் சாதிக்கின்றனர். வேகம் குறைந்ததெனக் கருவி எதனையும் ஒதுக்கு முன், இடையில் வைக்கத்தக்க கலம் ஒன்று உண்டா என்று நாமும் கேட்டுப் பார்ப்போமாக.