இந்த வீதி யாருடையது? மாத்தளைத் தோட்டப் பாதை ஒன்றின் கதை

கிளிநொச்சியில் விடியற்காலை கண்டி பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தளையில் இறங்கிவிடலாம். வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று ஏ9 முழுவதும் காப்பெட் வீதி. ஜன்னலில் சாய்ந்து தூங்கினாலும் தலை இடிபடாது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டைப் பக்கம் போய், பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குள் திரும்பினால் கடைசி ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். போன தடவை பாதிவழியிலேயே ஓட்டோவை நிறுத்திவிட்டார்கள். "இதுக்கு மேல ஏறாதும்மா. ஸ்பிரிங் ஒடஞ்சா யாரு குடுப்பா?" என்றார் ஓட்டோக்கார அண்ணன். மிச்சத்தை நடந்தேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு அம்மாவின் குடும்பம் அந்தத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. பெரியம்மா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டியபோது பெரியம்மாவின் மருமகளுக்குப் பிரசவ வலி வந்தது. கம்பில் சாக்கைக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பிள்ளை பாதையிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். "அந்த ஆத்தா காப்பாத்துனா" என்கிறார் பெரியம்மா. எனக்கோ அந்தப் பாதையைத் திருத்த வேண்டியது யார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

கேட்டேன். பிரதேச சபையில் "அது தோட்டத்து ரோட்டு" என்றார்கள். தோட்ட அலுவலகத்தில், ஸ்டோர் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு, லயத்துக்குப் போகும் பகுதியைச் சபைதான் பார்க்க வேண்டும் என்றார்கள். மாகாண வீதிகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் அந்தப் பாதை தங்கள் பட்டியலிலேயே இல்லை என்று பதில் வந்தது. மூவரும் பொய் சொல்லவில்லை.

இலங்கையில் ஒரு வீதிக்குப் பெயர் இருப்பதைப்போல ஒரு வகுப்பும் சொந்தக்காரரும் உண்டு. ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அவை சுமார் 12,000 கிலோமீற்றர். சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குரியவை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளையும் பாலங்களையும் மாகாண சபைகளின் நிரலில் போட்டது. மிச்சமெல்லாம் மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலையில். நாட்டின் மொத்த வீதி நீளத்தில் பெரும்பகுதி, 80,000 கிலோமீற்றருக்கும் மேல், இந்தச் சபைகளிடம்தான் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களிடம் நீளமான வீதி.

மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை என இரண்டு மாநகர சபைகளும் 11 பிரதேச சபைகளும் உள்ளன. நகரத்தில் தொடங்கும் ஒரு வீதி சில நிமிடங்களில் உக்குவளைப் பிரதேச சபைக்குள்ளோ மாத்தளைப் பிரதேச சபைக்குள்ளோ போய்விடும். வாகனத்துக்கு எல்லை தெரியாது, தார் போடும் கொந்தராத்துக்குத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் வெளியே நாலாவது சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார்: தோட்டம்.

தோட்டப் பாதைகளின் கதை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்க இடம் தரவில்லை. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், தங்கள் ஆட்களை உறுப்பினராக அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லோட் கல் கேட்டால் கணக்காய்வில் மாட்டுவோம் என்று சபை கையை விரித்தது. இது 2018 வரை, 30 வருடங்களுக்கு மேல் நடந்தது. அந்த ஆண்டுதான் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்தியது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி, தோட்டப் பகுதிகளிலும் வீதி முதலான பொது வசதிகளைச் சபை இப்போது செய்துகொடுக்கலாம். ஆகவே "அது தோட்டத்து ரோட்டு" என்ற பதில் 2018க்கு முன்னர் சட்டம். இன்று அது பழக்கம்.

செய்துகொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. திருத்தம் வந்த கொஞ்ச காலத்திலேயே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது பாதிவழியில் நின்ற வீதி வேலைகள் ஏராளம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடங்களுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் எவரும் சபைகளில் இருக்கவில்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்தது, அதே மாதத்தில் முடிந்த வட மாகாண சபையைப் போல. பாதைக்காகப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே அதிகாரி இருப்பார், வாக்குக் கேட்டு வந்தவர் இருக்கமாட்டார்.

மாத்தளைக்கென்று இன்னொரு விசேஷமும் உண்டு. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் போனாலும், ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டம் ஆகிய மூன்றும் அரசின் கையிலேயே இருக்கின்றன. இவற்றின் தோட்டங்கள் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்திருக்கின்றன. அப்படியான தோட்டத்தில் காணியும் அரசினது, தோட்டத்தை நடத்துவதும் அரசு, வெளியே நிற்கும் பிரதேச சபையும் அரசின் ஓர் அங்கம். ஒரு அரச அலுவலகம் இன்னொன்றிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் வேலை தொடங்கலாம்.

கூட்டாக வீதி போடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்குப் போகும் கிளை வீதிகளின் செலவில் அரசு ஒரு பங்கையும் தோட்ட உரிமையாளர்கள் மறு பங்கையும் ஏற்றார்கள். கோப்பியும் தேயிலையும் இறங்க வேண்டுமே! ஆட்கள் ஏறி இறங்குவது அந்தக் கணக்கில் இருக்கவில்லை. அதற்கும் முன்னர், 1848இல் ஆளுநர் டொரிங்டனின் வீதிச் சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அந்த யூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்மவர்கள் இங்கு வந்ததும் இதே வழியால்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலராவுக்கும் பசிக்கும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2023 யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மலையகம் 200 நடைபயணம் அந்த வழியைத்தான் நினைவுபடுத்தியது. அன்று மாத்தளையில் நின்று செய்தி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் கலைந்த பிறகு பெரியம்மா வீட்டுக்குப் போக, இதே பாதையில்தான் ஏறினேன்.

அண்மைக்காலக் கூட்டுக்கு உதாரணம், 2014இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் தொடங்கிய ஐ ரோட் திட்டம். மத்திய மாகாணமும் அதில் அடங்கியது. மாகாணத்துக்கும் பிரதேச சபைக்கும் சொந்தமான கிராம வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபை எடுத்துப் போட்டது. போட்ட கொந்தராத்துக்காரரே சில வருடங்கள் பராமரிக்க வேண்டும், பிறகு வீதி பழைய சொந்தக்காரரிடம் திரும்பும். மாத்தளைப் பக்கத்துக் கிராமங்களில் காப்பெட் வீதியைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படியொரு திட்டத்தில் வந்ததாக இருக்கும். திரும்பி வந்த வீதியைப் பராமரிக்கச் சபையிடம் காசு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சோலைவரியை நம்பி இருக்கும் சிறிய சபைக்குக் காப்பெட் வீதி, யானையைப் பரிசாகக் கொடுத்த மாதிரி.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நகர சபையும் அதைச் சுற்றியுள்ள மாவட்ட நிர்வாகமும் ஒன்றுக்கொன்று வேலை செய்து கொடுக்கவென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நகரம் கல்லும் தாரும் வாங்கும், மாவட்டம் இயந்திரமும் ஆட்களும் அனுப்பும். இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குப் பிரதேச சபை முற்றத்தில் துருப்பிடித்து நிற்கும் ரோலர்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம்மூரில் தோட்டத்திடம் ட்ரக்டரும் கல்லும் இருக்கும், சபையிடம் ரோலரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் இருப்பார்கள். கோடிக்கணக்கில் கடன் வாங்காமலே இவற்றைச் சேர்க்கலாம்.

மலைப் பாதையைக் கெடுப்பது தண்ணீர். வடிகான் அடைபட்டால் மழைநீர் பாதையையே ஆறாக்கிக்கொண்டு ஓடும். முதலில் தார் உரியும், பிறகு கல் கிளம்பும், பிறகு கொழுந்து லொறியின் சில்லுக் குழியை ஆழமாக்கும். அதனால் மாரிக்கு முன் வடிகானை வெட்டி மதகைத் துப்புரவாக்கினாலே பாதை பல வருடம் தாங்கும். பழைய ஆட்கள் இதைச் சொல்வார்கள்: தோட்டத்தில் முன்பு கான் வெட்டுவதற்கென்றே ஆட்களுக்குப் பேர் போடுவார்களாம். பேர் போடுவது நின்றது, பாதையும் போனது. அளவெடுக்காமல் அவசரத்தில் ஊற்றிய கொங்கிரீட் துண்டுகளும் பெரியம்மாவின் பாதையில் இருக்கின்றன. அடியில் மண் கரைந்து, பலகை மாதிரி அந்தரத்தில் நிற்கின்றன.

உங்கள் ஊர்ப் பாதைக்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், முதல் வேலை சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபைக்கு எழுத்தில் கேளுங்கள்: இந்த வீதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா? கடைசியாக எப்போது, எவ்வளவு செலவிட்டீர்கள்? தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அரசுக் கம்பனி நடத்தும் தோட்டமென்றால் அந்தக் கம்பனியிடமும் கேட்கலாம், அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தால் சோர வேண்டாம். 33ஆம் பிரிவின் திருத்தத்தைக் குறிப்பிட்டு, தோட்ட நிர்வாகத்துடன் பேசித் தீர்மானம் கொண்டுவரும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்கலாம். வன்னியிலும் இதே நிலைதான். ஏ9 பளபளக்கும், உள்ளே குளத்துக்கட்டு வீதி யாருடையது என்று கேட்டால் நீர்ப்பாசனத் திணைக்களமும் சபையும் ஒன்றையொன்று காட்டும்.

பெரியம்மாவின் பாதைக்கு இரண்டு விண்ணப்பங்கள் எழுதினேன், ஒன்று சபைக்கு, ஒன்று தோட்டத்துக்கு. அவர் தன் பெயரிலேயே கையெழுத்து வைத்தார். "நீ கிளிநொச்சிக்காரி, நீ கேட்டா ஏன் கேக்குறேன்னு கேப்பாங்க. நா இங்க பொறந்தவ" என்றார். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டை அரிசிப் பேணிக்குள் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைக்கு ஒன்பது மாத ஊசி அடுத்த கிழமை. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் இறங்க வேண்டும்.