மெகஸின் வந்த வழி

“மெகஸினுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும்” என்று வீட்டில் சொன்னேன். “மெகஸின் துவக்கிலதானே இருக்கும்?” என்றான் தம்பி. சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். சஞ்சிகைக்கும் துவக்கில் தோட்டா நிரப்பும் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே பெயர்? தற்செயலாக ஒலி ஒத்துப்போன இரு சொற்கள் என்றே எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே சொல், அதன் வேர் அறபு என்றது அகராதி.

அறபில் ‘கஸன’ என்றால் சேமித்து வைத்தான். வினையின் முன்னே ‘ம’ சேர்த்து, அது நடக்கும் இடத்துக்குப் பெயர் அமைப்பது அறபு வழக்கம். சுஜூது செய்தான் எனும் ‘ஸஜத’விலிருந்து மஸ்ஜித், கற்றான் எனும் ‘தரஸ’விலிருந்து மத்ரஸா. அப்படியே ‘கஸன’விலிருந்து மக்ஸன், அதாவது களஞ்சியம். பன்மை மகாஸின்.

மத்தியதரைக் கடல் வணிகத்தோடு இச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்றது. பிரெஞ்சில் இன்றும் கடைக்கு ‘மகஸான்’ என்றே பெயர். ஸ்பானியர் ‘அல்’லையும் விடாமல் சேர்த்து ‘அல்மஸேன்’ ஆக்கிக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பண்டசாலை என்பதே பொருள். பின்னர் வெடிமருந்தும் ஆயுதமும் வைக்கும் இடத்தைச் சிறப்பாகக் குறித்தது. தோட்டாப் பெட்டிக்குப் பெயர் வந்தது அந்த வழியால்தான்.

நூலையும் ஒரு களஞ்சியமாகக் கண்டவர்கள் இருந்தார்கள். கடலோடிகளுக்கு வேண்டிய கணிதத்தையும் கருவி விபரங்களையும் திரட்டிய சாமுவேல் ஸ்டர்மி, 1669இல் தமது நூலுக்கு ‘மரைனர்ஸ் மெகஸின்’ என்று பெயரிட்டார். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் ‘ஜென்டில்மன்ஸ் மெகஸின்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். செருப்புத் தைப்பவரின் மகன் அவர். பல பத்திரிகைகளில் வந்தவற்றை ஒரே இடத்தில் சேர்த்துத் தந்ததால் பெயர் பொருந்திற்று. அதன் பின்னரே சஞ்சிகைகளுக்கு அது பொதுப்பெயராயிற்று.

என்னை வெட்கப்பட வைத்தது வேறொன்று. ஸூரா யூஸுபின் 55ஆவது வசனத்தில், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு யூஸுப் நபி (அலை) அவர்கள் மிஸ்ர் மன்னரிடம் கேட்கிறார்கள். அங்கே வரும் ‘கஸாஇன்’ இதே வேரில் பிறந்தது. எத்தனை முறை ஓதியிருப்பேன்! ஆங்கில அகராதியைப் புரட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. தமிழில் நாம் சொல்லும் கஜானாவும் இந்தக் குடும்பம்தான்.

தம்பியிடம் எல்லாம் விளக்கினேன். “அப்ப ஆயுதம்தான் முதல்ல, உங்கட புத்தகம் பிறகு. நான் சொன்னது சரிதானே ராத்தா?” என்றான். ஆயுதத்துக்கும் முன்னால் பண்டசாலை என்று நான் சொல்வதற்குள் ஓடிவிட்டான்.